தையல் மிஷினை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாமா? விடை மோட்டாருக்குள் இருக்கிறது

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ டொராண்டோவுக்குக் குடிபெயரும் ஒரு குடும்பம், வீட்டில் மோட்டார் வைத்து ஓட்டிக்கொண்டிருந்த தையல் மிஷினையும் உடன் கொண்டு செல்ல நினைத்தால், முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் பிளக்கைப் பற்றியதாகவே இருக்கும். உண்மையில் அது மிகச் சிறிய சிக்கல். கடையில் கிடைக்கும் அடாப்டர் ஒன்று அதைத் தீர்த்துவிடும். ஆனால் அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றுகிறது, அதன் வழியே வரும் மின்சாரத்தை மாற்றுவதில்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். கனடாவிலும் அமெரிக்காவிலும் சுவரிலுள்ள சாதாரணப் பிளக் பாயிண்டில் கிடைப்பது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இவ்விரண்டு எண்களில் எது மிஷினைப் பாதிக்கும் என்பதை உள்ளே இருக்கும் மோட்டாரின் வகையே தீர்மானிக்கிறது. லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ செல்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கும் நம் ஊர் மின்சாரம் போன்றதுதான்.

வீட்டு மிஷினின் பின்புறம் திருகப்பட்டு, சிறிய பெல்ட் ஒன்றால் கைச்சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார், யுனிவர்சல் மோட்டார் எனப்படும் வகையைச் சேர்ந்தது. மிக்ஸிக்குள் இருப்பதும் இதே வகைதான். இதில் அசையாமல் நிற்கும் வெளிக் காயிலும், சுழலும் ஆர்மேச்சர் காயிலும், கார்பன் பிரஷ்கள் வழியாக ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டிருக்கின்றன. மின்னோட்டம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு காயில்களின் காந்தப்புலமும் ஒரே நேரத்தில் தலைகீழாகின்றன. சுழற்றும் விசை அவ்விரண்டின் பெருக்கலாக அமைவதால், மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் வருவதுபோல, விசையின் திசை மட்டும் மாறாமல் இருக்கிறது. ஆகவே 50 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா என்பது இந்த மோட்டாருக்கு ஏறக்குறைய ஒரு பொருட்டே இல்லை. நேர்மின்னோட்டத்திலும் அது ஓடும்.

வோல்ட் விஷயம் அப்படியல்ல. ஆர்மேச்சர் சுழலத் தொடங்கியதும் அதுவே ஒரு ஜெனரேட்டராகவும் செயல்பட்டு, வரும் மின்சாரத்துக்கு எதிரான ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட இந்த எதிரழுத்தமும் கூடி, மின்னோட்டத்தைக் குறைத்து, துணி தரும் சுமைக்குப் போதுமான அளவில் வேகத்தை நிலைநிறுத்துகிறது. 230 வோல்ட் மோட்டாரை 120 வோல்ட்டில் இணைத்தால் இந்தச் சமநிலை பாதி வேகத்திலோ அதற்கும் கீழோ வந்துவிடும். மெதுவாகத் தைத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். ஆனால் பெரிய இழப்பு தொடக்க விசையில் நேர்கிறது. நின்ற நிலையில் எதிரழுத்தம் இல்லை; மின்னோட்டம் ஏறக்குறையப் பாதியாகிறது; சுழற்றும் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கால் பங்கு விசைதான் மிஞ்சுகிறது. லைனிங் துணியைத் தைத்துவிடும் மிஷின், ஜீன்ஸின் மடித்த ஓரத்தில் ஊசியை இறக்கிய இடத்திலேயே முனகிக்கொண்டு நின்றுவிடும்.

எதிர்த்திசைப் பயணம் இன்னும் ஆபத்தானது. அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் மிஷினை ஊருக்குக் கொண்டுவந்து நேரடியாக 230 வோல்ட்டில் செருகினால், காயிலில் உண்டாகும் வெப்பம் மூன்றரை மடங்குக்கும் மேல் உயரக்கூடும். கம்பிகளைப் பிரித்து வைத்திருக்கும் வார்னிஷ் பூச்சு கருகி, காயில் ஷார்ட் ஆகிவிடும். மிஷினில் பழைய இழை பல்பு இருந்தால் அது அதற்கும் முன்பே உயிரை விட்டிருக்கும்.

தையற்கடையிலோ திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலோ ஓடும் பவர் மிஷினுக்கு இந்தக் கணக்கு ஏறக்குறையத் தலைகீழாகிறது. மேசைக்கு அடியில் தொங்கும் பழைய கிளட்ச் மோட்டார், பிரஷ் இல்லாத தூண்டல் மோட்டார். அதன் வேகத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது அதிர்வெண், அதாவது ஹெர்ட்ஸ் எண். இருமுனை மோட்டாரின் காந்தப்புலம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3000 முறையும், 60 ஹெர்ட்ஸில் 3600 முறையும் சுழலும். மோட்டார் அதைவிடச் சற்றுப் பின்தங்கி ஓடும். வோல்ட்டைச் சரிசெய்து கொடுத்தாலும், கனடாவில் அந்த மிஷின் 20 சதவீதம் வேகமாகத்தான் ஓடும். மோட்டார்ப் பக்கத்துப் பெல்ட் சக்கரத்தைச் சிறியதாக மாற்றினால் தையல் வேகம் பழையபடி ஆகும்.

வீட்டு மிஷினுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு மின்மாற்றி. 120 வோல்ட்டை 230 வோல்ட்டாக உயர்த்தும் மின்மாற்றியை வாங்கும்போது, மோட்டாரின் தகட்டிலுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி, அதைப்போல் இரண்டு மடங்கு திறனுள்ளதாகப் பார்ப்பது நல்லது. 230 வோல்ட், 0.5 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்குத்தொகை 115, ஆகவே 250 வாட் மின்மாற்றி தாராளமாகத் தாங்கும். அமெரிக்க மிஷினை ஊரில் ஓட்ட 230 வோல்ட்டைக் குறைக்க வேண்டியிருந்தால், பயணிகளுக்கென்று விற்கும், கையில் எடுத்தால் கனமே இல்லாத கன்வெர்ட்டர்களைத் தவிர்க்க வேண்டும். அவற்றுட் பல, மின்னலையைத் துண்டு துண்டாக வெட்டி அதன் சராசரியை மட்டும் குறைப்பவை. இஸ்திரிப் பெட்டி அதைப் பொறுத்துக்கொள்ளும். தானும் அதே வகையில் அலையை வெட்டியே வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெடல் பொறுத்துக்கொள்ளாது.

ஆனாலும், பழைய இரும்பு மிஷினாக இருந்தால் மின்மாற்றியைவிட மோட்டாரையே மாற்றுவதுதான் மேல் என்பது என் கருத்து. மோட்டார் ஒன்றிரண்டு திருகுகளில் நிற்கும் தனிப் பொருள். அதே வகைப் பிடியுள்ள 120 வோல்ட் மோட்டார்கள் வட அமெரிக்காவில் கிடைக்கின்றன. பெடலையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பழைய வகைப் பெடலுக்குள் கார்பன் வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கும். மிதிக்க மிதிக்க அவை நெருங்கி, மின்தடை குறைந்து, மோட்டார் வேகம் பிடிக்கும். அதே வாட் திறனுள்ள 120 வோல்ட் மோட்டார் ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டத்தை எடுப்பதால், நம் ஊர்ப் பெடலின் மின்தடை அதற்கு மிக அதிகம்: பாதி மிதிக்கும் வரை அசையாமல் இருந்துவிட்டுத் திடீரெனப் பாயும், பெடலும் சூடேறும்.

கம்ப்யூட்டர் மிஷின்களில் உட்பகுதி எல்லாம் குறைந்த நேர்மின்னழுத்தத்தில் இயங்குகிறது. தகட்டில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும். ஒரே ஓர் எண் இருந்தால் அந்த வோல்ட்டுக்கு மட்டுமே உரியது.

கப்பலில் அனுப்பும் மிஷினுக்குத் துருவும் ஒரு பகை. சென்னையின் ஈரக்காற்று கண்டெய்னருக்குள் அடைபட்டு, குளிர்ந்த கடற்பகுதியில் ஆறும்போது, அதிலுள்ள நீராவி இரும்பின் மேல் துளிகளாகப் படிகிறது. எனவே உலோகப் பகுதிகளில் மிஷின் எண்ணெயைத் தடவி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன் கட்ட வேண்டும். வெறும் பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஊசியைக் கழற்றிவிட்டு, அழுத்துப் பாதத்தின் அடியில் துணி வைத்து இறக்கிவிடலாம். மாற்று ஊசிகளை மூட்டையாகச் சுமக்கத் தேவையில்லை: ஒரு பக்கம் தட்டையான தண்டுள்ள 130/705 எச் வகை ஊசிதான் பெரும்பாலான வீட்டு மிஷின்களுக்கு, அங்கும் இங்கும், பொருந்துவது.