கோழியில் தேடினால் கிடைக்காத சிற்றுண்ணி

முட்டைக் கோழிகளின் கொண்டை வெளிறுகிறது, முட்டை குறைகிறது, இரவில் கோழிகள் அமைதியாக அடைவதில்லை. பகலில் ஒன்றைப் பிடித்து இறகை விலக்கிப் பார்த்தால் ஒரு பூச்சிகூட இல்லை. ஐரோப்பியப் பண்ணைகளில் இப்படி நடந்தால் முதல் சந்தேகம் கோழிச் சிவப்புச் சிற்றுண்ணி மேல்தான் விழும். அறிவியல் பெயர் டெர்மனிசஸ் கலினே. முழு வளர்ச்சி அடைந்தாலும் ஒரு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். பேனைப் போல இது கோழியின் உடம்பில் குடியிருப்பதில்லை, கொட்டகையில் குடியிருக்கிறது. இதை எப்படிக் கண்காணிக்க வேண்டும், ஏன் லேசில் ஒழிய மாட்டேன் என்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

விளக்கு அணைந்து கோழிகள் உட்கார்ந்து தூங்கும் கட்டைகளில் அடைந்தபின் சிற்றுண்ணிகள் இடுக்குகளிலிருந்து கிளம்புகின்றன. கோழியின் உடற்சூடும் அது வெளிவிடும் கரியமில வாயுவும் வழிகாட்டுகின்றன. அரை மணி, ஒரு மணி நேரம் ரத்தம் குடித்துவிட்டு மறுபடி இடுக்குக்குள் போய்விடும். பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், குடித்தபின் நல்ல சிவப்பு. ஒவ்வொரு முறை குடித்தபின்னும் பெண் உண்ணி ஒரு சில முட்டைகள் இடும். 25 முதல் 30 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் இருந்தால், முட்டை முழு உண்ணியாக ஏழு முதல் பத்து நாள் போதும். கோழியே இல்லாத குளிர்ந்த கொட்டகையில் பல மாதம் பட்டினி கிடந்தும் பிழைத்திருக்கும். பழைய கோழிகளை விற்றுவிட்டு, கொட்டகையைக் கொஞ்ச நாள் சும்மா போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புவது வீண்.

தொல்லை முற்றினால் கோழிக்கு ரத்தசோகை வரும், சில கோழிகள் செத்தும் போகும். முட்டை ஓட்டில் ரத்தப் புள்ளிகள் தெரியும். அவை நசுங்கிய உண்ணிகளின் தடம். வேலை செய்பவர்களுக்கும் கையெல்லாம் அரிக்கும். ஆனால் இத்தனையும் தெரியும் நேரத்தில் கொட்டகையில் உண்ணிகள் லட்சக்கணக்கில் பெருகியிருக்கும். அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எண்ணத் தொடங்க வேண்டும் என்கிறேன்.

எண்ணுவதற்கான பொறி மிக எளிமையானது. நெளிநெளியான அட்டைப்பெட்டி அட்டையை விரலளவுக்குச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி, கட்டையின் அடியில், கோழி கொத்த முடியாத இடத்தில் கட்டிவிடுவார்கள். தன் முதுகும் வயிறும் ஒரே நேரத்தில் உரசும்படியான குறுகிய இடத்தில்தான் சிற்றுண்ணி நிம்மதியாகத் தங்கும். அட்டையின் நெளிவுகள் அந்த அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. ஒன்று புகுந்துவிட்டால் அதன் வாசனை மற்றவற்றையும் அழைக்கும். ஓரிரு நாள் கழித்து அட்டையைப் பையில் போட்டுக் கட்டி உறையவைத்து, உதறி, எண்ணவோ எடை பார்க்கவோ செய்கிறார்கள். பொறியில் நூறு உண்ணி இருந்தால் கொட்டகையில் மொத்தம் எத்தனை என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் அதே இடங்களில், அதே இடைவெளியில் வைத்தால், போன தடவையைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். முடிவெடுக்க அதுதான் தேவை.

பொறி இல்லாதவர்கள் ஒரு மெல்லிய கத்தி முனையைக் கட்டையும் தாங்கியும் சேரும் இணைப்பில் நுழைத்து இழுத்துப் பார்க்கலாம். உப்பும் மிளகுத்தூளும் கலந்ததுபோல் சாம்பல்நிறப் பொடி வந்தால் அது அவற்றின் எச்சமும் உரித்த தோலும். வெள்ளைத் தாளில் கொட்டி விரலால் தேய்த்தால் ரத்தக்கறை படியும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று, எப்படி ஒழிப்பது? மருந்து தெளித்தால் அது படுகிற உண்ணிதான் சாகும். இடுக்கின் ஆழத்தில் இருப்பவையும் முட்டைகளும் தப்பிக்கும். அரைகுறை மருந்து பட்டுப் பிழைத்தவற்றின் சந்ததியில் எதிர்ப்புத்திறன் வளர்கிறது. பைரித்ராய்டு வகை மருந்துகள் பல இடங்களில் இப்படித்தான் பலனிழந்தன. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை என்ற தவிப்பில் தவறான வழிக்குப் போனால் என்ன ஆகும் என்பதை 2017இல் நெதர்லாந்தும் பெல்ஜியமும் பார்த்தன. தாவர எண்ணெய் மருந்து என்று விற்கப்பட்ட ஒரு பொருளில், உணவுக்காக வளர்க்கும் உயிரினங்களுக்குத் தடைசெய்யப்பட்ட ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தது. அது கோழியின் கொழுப்பில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக முட்டைக்குப் போகும் பொருள். பல நாடுகளில் கோடிக்கணக்கில் முட்டைகள் கடைகளிலிருந்து திரும்ப எடுக்கப்பட்டன.

அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் ஃப்ளூரலேனர் என்ற மருந்துக்கு அனுமதி கொடுத்தது. இதைக் குடிதண்ணீரில் கலந்து கோழிக்குத் தருகிறார்கள். ரத்தத்தில் கலந்த மருந்தை உண்ணி தானே வந்து குடித்து, நரம்பு செயலிழந்து சாகிறது. நாம் இடுக்கு இடுக்காகத் தேடிப் போக வேண்டியதில்லை. முதல் வேளை கொடுக்கும்போது முட்டைக்குள் இருப்பவையும் பசிக்காமல் பதுங்கியிருப்பவையும் தப்பிவிடும் என்பதால் ஏழு நாள் கழித்து இரண்டாம் வேளை. ஆனாலும் கால்நடை மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது. அளவும் அனுமதியும் நாட்டுக்கு நாடு மாறும். ஒரே மருந்தையே நம்பினால் எதிர்ப்புத்திறன் இதற்கும் வரலாம்.

ரசாயனம் இல்லாத வழிகளும் உண்டு. சிலிக்கா பொடி உண்ணியின் மேல்தோலில் உள்ள மெழுகை உறிஞ்சி உலர வைத்துக் கொல்கிறது. ஈரப்பதம் அதிகமானால் பலன் குறையும். நார்வேயில் கோழிகளை ஏற்றி அனுப்பியபின், காலிக் கொட்டகையை 45 டிகிரிக்கு மேல் சூடாக்கி அப்படியே வைத்திருப்பார்கள். அந்தச் சூட்டை உண்ணி தாங்காது.

அமெரிக்கப் பண்ணைகளில் பெரிய தொல்லை வேறொரு சிற்றுண்ணி. அது வாழ்நாள் முழுக்கக் கோழியின் மேலேயே, பெரும்பாலும் ஆசனவாய்ப் பக்கத்து இறகுகளில் இருக்கிறது. அங்கே இடுக்குப் பொறி அவ்வளவாக உதவாது, கோழியைத்தான் பிடித்துப் பார்க்க வேண்டும். அலகு நறுக்கிய கோழிகளால் சரியாகக் கோதிக்கொள்ள முடியாததால் அவற்றில் இந்த உண்ணி அதிகமாகப் பெருகுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள், கோழிகள் மண்ணில் புரள்வதற்கான பெட்டிகளில் கந்தகப் பொடி கலந்து வைத்தபோது, புரண்ட கோழிகளில் உண்ணிகள் வெகுவாகக் குறைந்தன.

எந்த வழியில் ஒழித்தாலும் சிவப்புச் சிற்றுண்ணி இருந்த கொட்டகையில் பொறிகளை அவிழ்த்துவிடக் கூடாது. முட்டைத் தட்டு, கோழிக்கூடை, புதிதாக வாங்கிய குஞ்சுகள், கூரையில் கூடுகட்டும் பறவைகள் என்று அது திரும்பி வரப் பல வழி இருக்கிறது.