உங்கள் ஹால் வெளிச்சம் செடிக்கு நடுராத்திரி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை நர்சரியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் வயர் கூடை, கூடைக்குள் வெள்ளைப் பீங்கான் தொட்டி, தொட்டிக்குள் ஒரு மார்பிள் குவீன். பச்சையும் வெள்ளையும் பளிங்கு மாதிரி கலந்திருக்குமே, அந்த மணி பிளான்ட். வாங்கும்போது அப்படி இருந்திருக்கும். என்னிடம் வந்தபோது மிச்சம் நான்கே இலை. இரண்டு முழுப் பச்சை, மற்ற இரண்டில் வெள்ளை இருந்த இடமெல்லாம் காபிக் கறை போலப் பழுத்துக் காய்ந்திருந்தது. தொட்டியைச் சாய்த்தேன். கால் லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் கொட்டியது, சாக்கடை வாடையோடு. அடியில் ஓட்டையே இல்லை.

"தினமும் ஒரு டம்ளர் தண்ணி விட்டேம்மா, ஒரு நாள் தவறினதில்ல" என்றார். முகத்தில் உண்மையான வருத்தம். எங்கே வைத்திருந்தீர்கள் சார் என்றேன். "ஹால்லதான், டிவி பக்கத்துல. எங்க வீட்ல நல்ல வெளிச்சம் இருக்கும்மா. தவிர அது இண்டோர் பிளான்ட்தானே?"

அந்த வாரத்தில் எனக்கு அது ஐந்தாவது தொட்டி. ஐந்து பேரும் சொன்னது கிட்டத்தட்ட இதே மூன்று வாக்கியம்தான். பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்துவிட்டு வந்து பன்னிரண்டு வருஷமாகச் செடி விற்கிறேன், வீடு வீடாகப் போய்ச் செடி பார்க்கிறேன். இனி ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லத் தெம்பில்லை, அதனால் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த "இண்டோர் பிளான்ட்" என்ற வார்த்தையைக் குப்பையில் போடுங்கள். எந்தச் செடியும் வீட்டுக்குள் பிறக்கவில்லை. மணி பிளான்ட்டின் சொந்த ஊர் தாஹிதி பக்கத்தில் இருக்கும் மோரேயா என்ற தீவு. அங்கே காட்டு மரத்தைப் பற்றிக்கொண்டு, இலைகளுக்கு நடுவே சிந்துகிற வெயிலைத் தேடி மேலே ஏறும் கொடி அது. நிழலைத் தாங்கும், சரி. தாங்குவதற்கும் இருட்டில் வாழ்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நாம் கூடத்தான் இரண்டு நாள் பட்டினியைத் தாங்குவோம், அதற்காக யாராவது நம்மைச் "சாப்பாடு தேவைப்படாத ஆள்" என்று எழுதி ஒட்டினால் ஒப்புக்கொள்வோமா?

"எங்க வீட்ல நல்ல வெளிச்சம்" என்பதுதான் எனக்கு எரிச்சல் மூட்டும் பதில், ஏனென்றால் சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர் கண் பொய் சொல்கிறது. இருட்டறைக்குள் நுழைந்தால் சற்று நேரத்தில் எல்லாம் தெரிய ஆரம்பிக்கிறது அல்லவா? அறை மாறவில்லை, உங்கள் கண் இருட்டுக்குப் பழகிக்கொண்டது. இலைக்கு அந்த வசதி கிடையாது. உச்சி வெயிலில் வெட்டவெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். மேகம் மூடிய நாளில் கூடப் பத்தாயிரம் பக்கம் இருக்கும். சென்னையில் விற்கிற செடிகளில் பெரும்பகுதி ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்துக் கடியத்திலிருந்து லாரியில் வருகிறது. அங்கே 75 சதவீத நிழல் வலைக்குக் கீழே வளர்ந்தது என்று வைத்துக்கொண்டாலும் நண்பகலில் அதற்குக் கிடைத்தது 25,000 லக்ஸ். அந்தப் பெரியவர் வீட்டுக்கு மறுநாள் போய் ஃபோனில் அளந்து பார்த்தேன் (லக்ஸ் அளக்க இலவசச் செயலிகள் இருக்கின்றன, துல்லியம் சுமார்தான், ஆனால் இந்த வேலைக்குப் போதும்). ஜன்னலை ஒட்டி மூவாயிரத்துச் சொச்சம். டிவி பக்கத்தில், செடி இருந்த இடத்தில், 90. தொண்ணூறு. டியூப்லைட்டைப் போட்டதும் 160 ஆனது, சார் "பாத்தீங்களா ஏறுது" என்றார்.

இப்போது இலையில் இருக்கும் வெள்ளைக்கு வருவோம். அந்த இடத்தில் பச்சையம் இல்லை, அல்லது பேருக்கு இருக்கிறது. அதனால் அந்த இடம் சமைக்காது, சாப்பிட மட்டும் செய்யும். வீட்டில் எட்டுப் பேர், சம்பாதிப்பவர் நாலு பேர் என்ற கதை. எனவே ஒரே அளவுள்ள முழுப் பச்சை மணி பிளான்ட்டைவிட மார்பிள் குவீனுக்கு அதிக வெளிச்சம் வேண்டும், கம்மியாக அல்ல. ஆனால் ஜனங்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள்: சாதாரணப் பச்சைக் கொடியைப் பால்கனியில் போட்டுவிட்டு, காசு கொடுத்து வாங்கிய வெள்ளைக் கொடியை அழகுக்காக ஹாலின் இருட்டு மூலையில் வைக்கிறார்கள். வருமானம் போதாமல் போனால் செடி என்ன செய்யும்? கொடி இழுத்துக்கொண்டு போகும், கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், புது இலைகள் சின்னதாக, பச்சை ஏறி வரும். அப்போது ஃபோன் வரும்: "மேடம், வெள்ளை வர என்ன உரம் போடறது?"

எந்த உரமும் இல்லை. யூரியா, எப்சம் உப்பு, முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், எதற்கும் வெள்ளை வராது. நுனித் துளிரில் பச்சையம் இல்லாத செல்களும் உள்ள செல்களும் கலந்திருக்கும் வரைதான் அந்தக் கலவை இலையில் தெரியும். ஒரு கிளை முழுப் பச்சையாகவே போக ஆரம்பித்துவிட்டால் அது சம்பாதிக்கிற கிளை, மற்றதைவிட வேகமாக ஓடும், கொஞ்ச நாளில் தொட்டி முழுக்க அதுதான். கத்தரியை எடுத்து, கடைசியாக நல்ல கலவையில் வந்த இலை எந்தக் கணுவில் இருக்கிறதோ அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். தண்டைப் பாருங்கள், வெள்ளைக் கோடு ஓடுகிற பக்கத்தில் இருக்கும் மொட்டுதான் நமக்கு வேண்டும். வெட்ட மனசு வராமல் "பாவம், வளரட்டும்" என்று விட்டவர்களின் வீட்டில் இன்று இருப்பது வெறும் பச்சை மணி பிளான்ட். அதுவும் நல்ல செடிதான், முப்பது ரூபாய்க்கே கிடைத்திருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மான்ஸ்டெரா ஆல்போ என்று வெள்ளை கலந்த பெரிய இலைக் கொடி ஒன்று உண்டு, அதன் பெயரில் ஆன்லைனில் முழு வெள்ளை இலை ஒன்றை ஒற்றைக் கணுவோடு ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்கள். போட்டோவில் பால் மாதிரி இருக்கும். பச்சையே இல்லாத அந்தத் துண்டு தன் கையிருப்பு தீரும் வரை உயிரோடு இருக்கும், அப்புறம் போய்விடும். விதையாக விற்கிறவர்கள் இன்னும் கில்லாடிகள். இலையில் இருக்கும் இந்த வெள்ளை நிறம் விதை வழியாக அப்படியே வராது. மணி பிளான்ட்டுக்கோ விதை என்ற பேச்சே இல்லை. பூக்கத் தேவையான ஜிப்ரலின் ஹார்மோனை அதனால் சரிவரத் தயாரிக்க முடியாது. தானாகப் பூத்ததாகக் கடைசியாகப் பதிவானது 1964-இல். உலகத்தில் இருக்கும் மணி பிளான்ட் எல்லாமே யாரோ ஒருவர் வீட்டுக் கொடியில் கிள்ளியதுதான். திருடி வைத்தால்தான் வளரும் என்று நம் ஊரில் சொல்வது அதிலிருந்து வந்ததோ என்று நானாக நினைத்துக்கொள்வேன். என் நர்சரியில் அந்த நம்பிக்கை உள்ளவர்கள் வருவதுண்டு, தெரிந்தும் பார்க்காதது மாதிரி இருந்துவிடுவேன்.

தண்ணீர். தினமும் ஒரு டம்ளர் என்ற கணக்கை யார் ஆரம்பித்தார்களோ. விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விடுங்கள், ஈரம் தட்டினால் டம்ளரைக் கீழே வையுங்கள். காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாக வழியும் வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அதே செடி ஜன்னலோரம் நான்கு நாளில் குடிப்பதை டிவி பக்கத்தில் இரண்டு வாரம் ஆனாலும் குடிக்காது. ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டி அழகாக இருக்கிறதென்றால் செடியை பிளாஸ்டிக் தொட்டியோடு அதற்குள் இறக்கி வையுங்கள், தண்ணீர் விடும்போது வெளியே எடுங்கள். அவ்வளவுதான் விஷயம், இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை.

ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை ஊற்றாதீர்கள். மிச்சப்படுத்துகிறோம் என்று நினைத்து, ஏற்கெனவே உப்பாக இருக்கும் போர் தண்ணீரின் உப்பை இன்னும் கெட்டியாக்கி அதன் தலையில் ஊற்றுகிறீர்கள், நுனி கருகும், வெள்ளைப் பகுதி முதலில் கருகும். ஏ.சி. தண்ணீர் பரவாயில்லை, மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. டீத்தூளைச் சர்க்கரையும் பாலுமாக மண்ணில் கொட்டுவதும் வேண்டாம். எறும்பு வரும், சின்னச் சின்னக் கொசு மாதிரிப் பூச்சி பறக்கும், அப்புறம் அதற்கும் எனக்குத்தான் ஃபோன். இலையில் தேங்காய் எண்ணெய் தடவுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும், துடைக்கும்போது இலைக்கு அடியில் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். சென்னைக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு ஸ்ப்ரே அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏ.சி. காற்று நேரே முகத்தில் அடிக்காத இடமாகப் பார்த்து வைத்தால் சரி.

எங்கே வைப்பது என்றால், கிழக்கு ஜன்னலிலிருந்து இரண்டு அடிக்குள். காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் ஒன்றும் ஆகாது. மேற்கு ஜன்னல் என்றால் மெல்லிய திரை அவசியம், மதிய வெயில் வெள்ளையைச் சுட்டுவிடும். அடுத்த பில்டிங் சுவரைப் பார்த்த ஜன்னல் மட்டும்தான் இருக்கிறது என்றால் சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. பல்பு ஒன்றை ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு, தினமும் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். ஊதா விளக்கெல்லாம் வேண்டாம், வீடு ரிகார்டு டான்ஸ் மேடை மாதிரி ஆகிவிடும்.

வாஸ்துக்காரர்கள் மணி பிளான்ட்டுக்குத் தென்கிழக்கு என்கிறார்கள். வேளச்சேரியில் ஒரு ஃபிளாட்டில் தென்கிழக்கு மூலை பாத்திரம் அடுக்கும் அறை, ஜன்னலே இல்லை. அங்கே மூன்று செடி அடுத்தடுத்துச் செத்து, நான்காவது வாங்க வந்தார்கள். நான் விற்கவில்லை. ஆனால் கொடி கீழே தொங்கக் கூடாது, மேலேதான் ஏற வேண்டும் என்று அதே வாஸ்து சொல்வதை நான் இரண்டு கையாலும் ஆமோதிப்பேன். தொங்குகிற கொடியில் இலை வர வரச் சிறுக்கும், பிடித்து ஏறுகிற கொடியில் பெருக்கும். தென்னை மரத்தில் ஏறிய மணி பிளான்ட்டில் முறம் அகல இலையை ஊர்ப்பக்கம் நீங்களே பார்த்திருப்பீர்கள், ஹாலில் உள்ளங்கை அளவு இருக்கிறதே அதே செடிதான். தேங்காய்நார் சுற்றிய கம்பு ஒன்றை நட்டு, கணுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுவேர் கம்பைத் தொடுகிற மாதிரி மெல்லக் கட்டுங்கள், கம்பையும் ஈரமாக வையுங்கள். காய்ந்த கம்பை எந்த வேரும் பிடிக்காது.

காற்றைச் சுத்தம் செய்கிறது என்று கட்டிலைச் சுற்றிப் பத்துத் தொட்டி வைத்திருக்கிற அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நாசாவின் 1989 ஆய்வு காற்றுப் புகாத பெட்டிக்குள் செய்தது. உங்கள் படுக்கையறை பெட்டி அல்ல. 2019-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், ஜன்னல் கதவு வழியாகச் சாதாரணமாகக் காற்று மாறுவதற்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்றார்கள். ஜன்னலைத் திறங்கள். செடிக்கும் நல்லது.

பாட்டிலில் தண்ணீரில் வளர்ப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது தண்ணீரை மாற்றி, பாட்டிலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் கொசு முட்டையை அந்தச் சுவரில்தான் ஒட்டுகிறது, தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை அங்கேயே இருக்கும்.

தவழும் குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்களிடம் திட்டாமல் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கொடியைக் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இது சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு குடும்பம். கருணையைப் புளி விடாமல் சமைத்தால் நாக்கு எப்படி அரிக்குமோ, அதே ஊசி ஊசியான படிகம் இந்த இலையிலும் இருக்கிறது, இங்கே சமைக்காமல் பச்சையாகவே கடிக்கிறது குழந்தை. வாய் எரிந்து ஜொள்ளு வடியும், உதடு வீங்கும். வாயைத் துடைத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரோ பாலோ கொடுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பூனை, நாய் கடித்தாலும் இதே எரிச்சல்தான், வாந்தியும் எடுக்கும்.

பெரியவரின் தொட்டிக்கு வருகிறேன். மண்ணைத் தட்டிக் கொட்டி வேரைப் பிடித்து இழுத்தேன். தோல் மட்டும் கழன்று விரலில் ஒட்டிக்கொள்ள, உள்ளே நூல் மாதிரி நரம்பு நின்றது. தண்டைக் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போனேன், வெட்டுவாய் பழுப்பாக, பழுப்பாக, பழுப்பாக, பிறகு சுத்தமாக. மிஞ்சியது நான்கு கணு. தண்டில் வெள்ளைக் கோடு இருந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு முறை அலசி உப்புப் போக்கிய கோகோபீட்டில் (தேங்காய்நார்த் தூள்) பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணையைக் கலந்து, ஓட்டை போட்ட டம்ளர்களில் நட்டேன். சார் பக்கத்திலேயே நின்று, "அப்போ தண்ணி எப்போ விடணும்?" என்று நான்கு தடவை கேட்டார்.

மூன்றில் ஒன்று போய்விட்டது. ஒன்று அப்படியே நிற்கிறது. மூன்றாவது போன செவ்வாய்க்கிழமை சுருள் பிரித்தது, பாதி இலை வெள்ளை, அதில் பச்சைத் தூறல். ஹால் ஜன்னலோரம் இருக்கிற செருப்பு ஸ்டாண்டை நகர்த்தி இடம் பண்ணி, போட்டோ எடுத்து அனுப்பினால்தான் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். வீட்டு அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார், இன்னும் போட்டோ வரவில்லை.