தடமுரண்: மோதலுக்கு முந்திய நிலைக்கு ஒரு சொல்

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் ‘கொன்ஃபிளிக்ட்’ என்றால் சண்டையும் அல்ல, விபத்தும் அல்ல. இரண்டு விமானங்கள் இப்போதுள்ள திசையிலும் உயரத்திலும் வேகத்திலும் அப்படியே போனால், இருக்கவேண்டிய குறைந்தபட்ச இடைவெளி சற்று நேரத்தில் இல்லாமல் போய்விடும் என்று தெரியவரும் நிலையே அது. இன்னும் எதுவும் நடக்கவில்லை. தடுக்க நேரம் இருக்கிறது. இந்த நிலைக்குத்தான் ‘தடமுரண்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

அகராதியைப் பார்த்து இதற்கு ‘மோதல்’ என்று எழுதினால் என்ன ஆகும்? ‘தனியார் சிறுவிமானத்துக்கும் விமானப்படை விமானத்துக்கும் மோதல்’ என்று திருகோணமலையில் ஒருவர் வாசித்தால், போர்க்காலத்தைக் கண்டவருக்குத் துப்பாக்கிச் சத்தம்தான் நினைவுக்கு வரும். அதைக் காணாத பிள்ளை, இரண்டும் இடித்து விழுந்துவிட்டன என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுமே தவறான பொருள்.

வேரைப் பார்த்தால் ‘மோதல்’ என்பதில் பிழை இல்லை என்பதையும் சொல்லவேண்டும். லத்தீனில் ‘கொன்’ என்பது ‘சேர்ந்து’, ‘ஃப்ளிகெரே’ என்பது ‘அடித்தல்’. ஒன்றோடொன்று அடித்துக்கொள்வதுதான் மூலப்பொருள். ஆனால் வானோடிகளின் வழக்கில் அந்தச் சொல் காலத்தால் முன்னே நகர்ந்து, அடி விழுவதற்கு முந்திய கணத்தைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. தமிழாக்குபவர் அந்தக் கணத்தைத்தான் பிடிக்கவேண்டும்.

எங்கள் ஊரான திருகோணமலைக்கு இந்தச் சொல் தேவைப்படுவதற்குக் காரணம் சீனக்குடா. பிரித்தானியர் காலத்து விமானத்தளம் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட இடங்களில் ஒன்று. இன்று இலங்கை விமானப்படையின் கல்விக்கழகம் அங்கேதான் இருக்கிறது. பறக்கப் பழகுபவர்கள் வட்டமடிக்கும் அதே வானத்தில், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய சிறு விமானங்களும் வந்து இறங்குகின்றன. ஓடுபாதையும் வானமும் இரு தரப்புக்கும் பொது.

இப்படிப் பகிர்ந்துகொள்ளும் வானத்தில் சிறு விமானங்கள் பெரும்பாலும் ‘பார்த்து விலகு’ என்ற முறையை நம்பியே பறக்கின்றன. அதில் ஒரு கொடிய பொறி உண்டு. மோதும் தடத்தில் வரும் விமானம் கண்ணாடியில் நகராமல் ஒரே புள்ளியில் நிற்பதுபோலத் தெரியும். கடைசி நொடிகளில்தான் சட்டென்று பெரிதாகும். இரவில் கடலுக்குப் போகும் எங்கள் மீனவர்களுக்கு இது புதிதல்ல. தூரத்துக் கப்பலின் விளக்கு திசை மாறாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால், உடனே படகைத் திருப்பவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். வானில் அவகாசம் இன்னும் குறைவு. மற்ற விமானத்தைக் கண்டு, ஆபத்தை உணர்ந்து, முடிவெடுத்து, விமானம் திரும்பத் தொடங்கவே ஏறத்தாழ 12.5 நொடிகள் வேண்டும் என்பது அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகத்தின் கணக்கு. போர் விமானத்தின் வேகத்துக்கு அந்த நேரம் பெருந்தூரம்.

2015 ஜூலை 7 அன்று அமெரிக்காவின் தென் கரோலைனாவில் நடந்தது இதற்குச் சான்று. மொங்க்ஸ் கோர்னர் அருகே செஸ்னா 150 என்ற சிறுவிமானம் ஒன்று புறப்பட்டு ஏறிக்கொண்டிருந்தது. எஃப்-16 போர் விமானம் ஒன்று சார்ல்ஸ்டன் நோக்கி வந்தது. கட்டுப்பாட்டாளர் தடமுரணைக் கண்டுவிட்டார். ஆனால் “அந்த விமானம் கண்ணில் படவில்லையென்றால் இடப்பக்கம் திரும்புங்கள்” என்ற பொருள்பட, நிபந்தனை வைத்துக் கட்டளையிட்டார். போர் விமானி தேடினார்; காணவில்லை. நிபந்தனையோடே கட்டளை மறுபடி வந்தது. விமானம் திரும்பிக்கொண்டிருக்கும்போதே இடித்தது. செஸ்னாவில் இருந்த இருவரும் இறந்தனர். எஃப்-16 விமானி பரசூட்டில் தப்பினார். கட்டுப்பாட்டாளர் தடமுரணை உரிய முறையில் தீர்க்காததே காரணம் என்றும், ‘பார்த்து விலகு’ முறையின் இயல்பான குறைபாடும் அதற்குத் துணைபோனது என்றும் விசாரணை முடிவு சொன்னது. ‘மோதலைக் கண்டார், மோதல் நடந்தது’ என்று எழுதினால் இந்த விசாரணை முடிவையே தமிழில் புரியவைக்க முடியாது.

ஆகவே என் பரிந்துரை ‘தடமுரண்’. தடம் என்பது செல்லும் வழி. முரண் என்பது ஒன்றுக்கொன்று எதிர்ப்படுவது, செய்யுளில் முரண்தொடை என்று நாம் படித்த அதே முரண். ‘பாதை முரண்பாடு’ என்றும் எழுதலாம்தான். ஆனால் முரண்பாடு என்றதும் கருத்து வேறுபாடு நினைவுக்கு வருகிறது. மேலும் கட்டுப்பாட்டு அறையில் சொல்லும் சொல் குட்டையாக இருக்கவேண்டும். தடமுரண் எச்சரிக்கை, தடமுரண் தீர்த்தல் என்று வளர்க்கவும் இடமுண்டு.

இதன் பக்கத்துச் சொல் ‘ஏர்ப்ரொக்ஸ்’. தூரமோ வேகமோ நிலையோ பாதுகாப்பைக் குலைத்திருக்கக்கூடும் என்று விமானியோ கட்டுப்பாட்டாளரோ கருதினால், அந்த நிகழ்வுக்கு இந்தப் பெயர். ‘இடர் அணுக்கம்’ என்பது இதற்குப் பொருந்தும். ‘மயிரிழையில் தப்பியது’ என்ற செய்தித்தாள் தொடர் பரபரப்பைத் தருகிறதே தவிர, பதிவேட்டில் எழுத உதவாது.

எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்பவேண்டும் என்பது சர்வதேச விதி. அதை வைத்தே ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்: “கொட்டியாரக்குடாவுக்கு மேலே பயிற்சி விமானத்துக்கும் தனியார் சிறுவிமானத்துக்கும் தடமுரண் ஏற்பட்டது, இரண்டும் வலப்பக்கம் திரும்பியதால் அது இடர் அணுக்கமாக மாறுமுன் தீர்ந்தது.”