ஆஸ்திரேலியப் பழங்குடி வீடுகளின் ப்ரீபெய்டு மீட்டர்: யாரும் சொல்லித்தராத சிக்கல்கள்

ஆஸ்திரேலியாவின் நார்தர்ன் டெரிட்டரியில், நகரங்களை விட்டு வெகுதூரம் தள்ளியிருக்கும் பழங்குடி ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்குக் கரண்ட் பில் வராது. ப்ரீபெய்டு மீட்டர்தான். காசு தீர்ந்தால் கரண்ட் போய்விடும். இந்த வீடுகளுக்கு மின்சிக்கனம் கற்றுத்தர அவ்வப்போது திட்டங்கள் வருகின்றன. விளக்கை அணையுங்கள், ஏசியைக் குறையுங்கள் என்பதோடு அவை நின்றுவிட்டால் ஒரு பயனும் இல்லை. 2018-19இல் 28 ஊர்களின் 3,300 வீடுகளை ஆராய்ந்தபோது, 91 சதவீத வீடுகளில் ஒருமுறையாவது காசு தீர்ந்து கரண்ட் போயிருந்தது. 74 சதவீத வீடுகளில் பத்து முறைக்கும் மேல். கடும் வெயிலிலும் கடும் குளிரிலும்தான் அதிகம் போகிறது. ஏற்கெனவே ஒவ்வொரு டாலராக எண்ணிப் போடுகிறவர்களுக்குச் சிக்கனத்தைப் பற்றி நாம் என்ன சொல்லிவிட முடியும்?

அங்கே செவிலியராகவோ ஆசிரியராகவோ களப்பணியாளராகவோ போகிறவர்கள் முதலில் மீட்டரைப் புரிந்துகொள்ளுங்கள். காசு தீர்ந்ததும் மீட்டர் கொஞ்சம் அவசரக் கடன் கொடுக்கும். அது இனாம் இல்லை. அடுத்த முறை காசு போட்டதும் அந்தக் கடன்தான் முதலில் கழியும். “இருபது டாலர் போட்டேன், இருபது டாலருக்கு ஓடவே இல்லை” என்று பலர் குமுறுவது இதனால்தான். வீட்டில் குடியிருப்பவரோடு மீட்டர் முன்னால் நின்று, எந்த எண் மீதி, எந்த எண் கடன் என்று காட்டுங்கள். ரீசார்ஜ் விற்கும் ஊர்க் கடை மூடும் நாளுக்கு முன்பே காசு போடச் சொல்லுங்கள்.

அடுத்தது சலுகை. பென்ஷன் அட்டை உள்ளவர்களுக்கு நார்தர்ன் டெரிட்டரி அரசின் சலுகைத் திட்டத்தில் மின்கட்டணக் கழிவு உண்டு. ஆனால் சென்டர்லிங்க் (மத்திய அரசின் உதவித்தொகை அலுவலகம்) பணம் வருவதாலேயே அது தானாக வந்துவிடாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் குடும்பம் அந்த வீட்டை விட்டு உறவினர் வீட்டுக்குப் போவது அங்கே வழக்கம். அப்படி மாறும்போது சலுகை எந்த மீட்டரில் நிற்கிறது என்று கேட்டுச் சரிபாருங்கள். மின்நிறுவனத்தைக் கேட்டால் வீட்டுவசதித் துறையைக் கைகாட்டும், அவர்கள் சென்டர்லிங்கை. பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி அலைந்த பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். போனில் பேசும்போது பழங்குடி மொழிபெயர்ப்புச் சேவையைக் கட்டாயம் கேளுங்கள். புரியாமல் சொன்ன ‘சரி’ பின்னால் சம்மதமாகப் பதிவாகிவிடும்.

தவணை, கஷ்டகால உதவி போன்ற பாதுகாப்புகள் எல்லாம் பில் வருகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ப்ரீபெய்டில் முன்னறிவிப்புக் கடிதம் வராது. காசு தீர்ந்தால் கரண்ட் தானாகவே போய்விடும். வீட்டில் இன்சுலின், ஆக்சிஜன் கருவி, டயாலிசிஸ் இருந்தால் கிளினிக்கில் மருத்துவர் கடிதம் வாங்கி மின்நிறுவனத்தில் உடனே பதியுங்கள். பதிந்த பிறகும் காசு தீர்ந்தால் கரண்ட் போகுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பில் மீட்டருக்கு மாற முடியுமா என்றும் கேளுங்கள்.

காசு சீக்கிரம் கரைகிறதென்றால் குடும்பத்தைக் குறை சொல்லும் முன் வீட்டைப் பாருங்கள். ஒழுகும் வெந்நீர்க் குழாய், ரப்பர் போன பிரிட்ஜ், பழைய பெட்டி ஏசி, இவைதான் காசைத் தின்பவை. அரசு வீடென்றால் குழாயைச் சரிசெய்வது வீட்டுவசதித் துறையின் வேலை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்திலுள்ள லிட்யென்டி அபூர்டே ஊர்க்காரர்கள் பழுதுபார்க்காத வீடுகளுக்காக 2016இல் வழக்குப் போட்டார்கள். அதில் ஒரு மூதாட்டியின் வீட்டில் ஐந்து வருஷத்துக்கும் மேலாகப் பின்கதவே இல்லை. மன உளைச்சலுக்கும் இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2023 ஆகிவிட்டது. அதனால் பழுதை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். தேதியோடு போட்டோ எடுத்து, புகார் எண் வாங்குங்கள்.

சொல்லித்தருவது யார் என்பதும் முக்கியம். நார்தர்ன் டெரிட்டரியின் வடகிழக்கிலுள்ள கிழக்கு ஆர்னம் லேண்டின் ஆறு ஊர்களில் 2013 முதல் 2016 வரை நடந்த மன்யுமாக் மின்சிக்கனத் திட்டத்தில், அந்தப் பகுதிப் பழங்குடிகளான யொல்ங்கு மக்களே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டு, வீடு வீடாகப் போய் அவர்கள் மொழியிலேயே பேசினார்கள். செலவைக் காட்டும் கருவியும் அடுப்புக்கு டைமரும் பொருத்தினார்கள். திட்டக் காலம் முடிந்ததும் அந்த வேலைகளும் முடிந்தன. உங்கள் ஊரில் அப்படிப் பயிற்சி பெற்றவர் யாராவது இருந்தால், அவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

மின்நிறுவனம் பதில் தராமல் இழுத்தடித்தால் நார்தர்ன் டெரிட்டரி ஆம்பட்ஸ்மேனிடம் (மக்கள் குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் புகார் செய்யலாம். முதலில் நிறுவனத்திடம் கேட்டீர்களா என்பார்கள். அதனால் பேசிய தேதி, பேசியவர் பெயர், புகார் எண் மூன்றையும் முதல் போனிலிருந்தே எழுதி வையுங்கள்.