ரெஃபரல்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரு மாணவி சாப்பிடாமல், தூங்காமல் வகுப்பில் சுருண்டு கிடக்கிறாள். டீச்சர் விசாரிக்கிறார், ஆறுதல் சொல்கிறார். அதற்கு மேல் அவருக்குப் பயிற்சியும் இல்லை, அது அவர் வேலையும் இல்லை. அதற்கென்று இருப்பவரிடம் அவளைக் கொண்டுசேர்ப்பதைத்தான் 'ரெஃபரல்' என்கிறோம்.

மூலம் லத்தீன். 'ரெ' என்றால் திரும்ப, 'ஃபெர்ரே' என்றால் சுமத்தல். ஆக, சுமந்துபோய் ஒப்படைப்பது. நம் ஊர்ப் பேச்சிலோ "பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்போம். அதில் சீட்டு மட்டும்தான் போகிறது, சுமப்பவர் யாருமில்லை. 'பரிந்துரை' என்றும் எழுதுகிறார்கள்; அது வேலைக்குச் சிபாரிசு செய்வதுபோல ஒலிக்கிறது.

என் ஓட்டு 'ஆற்றுப்படுத்தல்' என்பதற்கே. ஆறு என்றால் வழி. வழியில் செலுத்துவது ஆற்றுப்படுத்தல். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைதான். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே பசியோடு வருபவனை வள்ளலிடம் அனுப்புகிறான். அவன் வறுமையைத் தானே தீர்க்கக் கிளம்புவதில்லை. ஆனால் வெறும் முகவரியோடும் விட்டுவிடுவதில்லை. எந்த வழி, இரவில் எங்கே தங்குவது, யார் சோறு போடுவார்கள், போகிற இடத்தில் எப்படி வரவேற்பார்கள் என்று எல்லாம் சொல்கிறான். அவற்றில் ஒன்றான மலைபடுகடாம், தினைப்புனம் காப்பவர்கள் எறியும் கவண்கல்லுக்குக்கூட எச்சரிக்கிறது! குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லி "1098-க்குப் போன் பண்ணு" என்பதோடு நிறுத்தாமல், யார் எடுப்பார்கள், என்ன கேட்பார்கள் என்றும் சொல்லிப் பக்கத்தில் உட்காரும் ஆசிரியர் செய்வதும் இதேதான்.

ஒரு சிக்கல் உண்டு. அரசு அறிவிப்புகளில், மனநல ஆலோசனை தரும் கவுன்சிலரை 'ஆற்றுப்படுத்துநர்' என்று எழுதுகிறார்கள். கேட்பவர்களும் 'மனதை ஆற்றுபவர்' என்றே புரிந்துகொள்கிறார்கள். அப்புறம் "ஆற்றுப்படுத்துநரிடம் ஆற்றுப்படுத்தினேன்" என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும். அந்த இடத்தில் 'உளவள ஆலோசகர்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

மாணவிக்கு நேர்ந்தது பாலியல் கொடுமை என்றால் ஆசிரியர் விருப்பத்துக்கே இடமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19-இன்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தவறினால் பிரிவு 21-இன்கீழ் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். அதனால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லும்மா" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "யாரிடம் சொல்லப்போகிறேன் என்பதை முதலில் உன்னிடம் சொல்கிறேன்" என்று சொல்லலாம்.