குடல்வால் வெடித்த பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு

எட்டு வயசுப் பையன், தேவகோட்டைப் பக்கம். குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) வெடித்து ஆபரேஷன் ஆகி ஆறாம் நாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனவனை, ஒன்பதாம் நாள் ராத்திரி அவன் அப்பத்தா கூட்டிக்கொண்டு வந்தார். "சூடுதான் டாக்டர், சளிசளியா நாலஞ்சு தடவை வெளிக்குப் போயிட்டான், விளக்கெண்ணெய் கொடுக்கலாமான்னு நினைச்சேன்." நல்லவேளை, கொடுக்கவில்லை. தொட்டால் கொதிக்கிறது. ஸ்கேனில் பார்த்தால் மூத்திரப்பைக்குப் பின்னால் சீழ் கட்டியிருந்தது.

குடல்வால் வெடிக்கும்போது மலத்தில் இருக்கிற கிருமிகள் வயிற்றுக்குள் சிதறிவிடுகின்றன. நாங்கள் குடல்வாலை எடுத்து, சீழை உறிஞ்சி எடுத்தாலும், மடிப்புகளில் ஒளிந்திருப்பதை ஆன்டிபயாட்டிக்கும் பிள்ளையின் உடம்பும் சேர்ந்துதான் தீர்க்க வேண்டும். அப்படியும் பத்தில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு மறுபடி சீழ் கட்டும், பெரும்பாலும் ஆபரேஷனுக்குப் பிறகு 5 முதல் 10 நாளுக்குள். அதாவது, 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று வீட்டில் நிம்மதியாக இருக்கிற நாட்களில்.

அது இடுப்புக்குழியில் கட்டினால் மலக்குடலை உறுத்தும். அதனால்தான் சளியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருப்பான், மூத்திரம் போகும்போதும் வலிக்கும். ஆன்டிபயாட்டிக்காலும் வயிற்றோட்டம் வரும்தான், ஆனால் கூடவே காய்ச்சலோ வயிற்றுவலியோ வாந்தியோ இருந்தால் அதைச் சூடு என்று விட்டுவிடாதீர்கள், காய்ச்சல் சிரப் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

எழுதிக் கொடுத்த மருந்தை முடிக்க வேண்டும். பிள்ளை ஓடி விளையாடுகிறான் என்று பாதி பாட்டிலோடு நிறுத்துவதை நான் அடிக்கடி பார்க்கிறேன், மனசு பதறுகிறது. தையல் மேல் மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். காயம் காய்ந்திருந்தால் போதும், சிவந்தாலோ வீங்கினாலோ நீர் வடிந்தாலோ காட்டுங்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தொடட்டும். அப்புறம், எந்நேரமும் படுக்கையிலேயே வைக்காதீர்கள்: முற்றத்தைச் சுற்றி நாலு நடை நடந்தால் குடலும் நுரையீரலும் சீக்கிரம் தேறும்.

அந்தப் பையனுக்கு ஸ்கேன் பார்த்தே குழாய் வைத்துச் சீழை வடித்தோம், மறு ஆபரேஷன் தேவைப்படவில்லை. அவனுக்குப் பிறகு, டிஸ்சார்ஜ் சீட்டில், ஆபரேஷனிலிருந்து 14-ஆம் நாள் என்ன தேதி என்று நானே பேனாவால் எழுதி வட்டம் போட்டுக் கொடுக்கிறேன். அந்தத் தேதி வரை காலையும் சாயங்காலமும் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரி ஆனாலும் கிளம்பி வாருங்கள்.