பரங்கிப் பிஞ்சு உதிர்ந்தால் மருந்து அடிக்காதீர்கள்

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தில் பரங்கிக்கொடி தளதளவென்று படர்ந்திருந்தது. ஆனால் கோலிக்குண்டு அளவுப் பிஞ்சுகள் எல்லாம் மஞ்சளாகிச் சுருங்கிக் கிடந்தன. "மூணு தடவை மருந்து அடிச்சாச்சு தம்பி, ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. தோட்டக்கலைப் பயிற்சி கொடுக்கும் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது.

அந்தக் கொடிக்கு நோய் எதுவும் இல்லை. மகரந்தம் சேரவில்லை, அவ்வளவுதான். பரங்கியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. முதலில் ஆண் பூக்கள்தான் வரும். அவை உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். மகரந்தம் கிடைக்காவிட்டால் அந்தக் குட்டிக் காய் சில நாளில் வெம்பி விழுந்துவிடும். உயர மாடிகளுக்குத் தேனீ வருவது குறைவு. வரும் ஒன்றிரண்டையும் பூச்சிமருந்து கொன்றுவிடுகிறது. அந்த அம்மாவின் வீட்டில் நடந்ததும் அதுதான்.

மார்கழிக் கோலத்தில் வைக்கும் பரங்கிப்பூ வெயில் ஏறுவதற்குள் வாடிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். தேனீயின் வேலையை நாமே கையால் செய்யலாம்; அதற்குக் கிடைக்கும் நேரமும் அவ்வளவுதான். விடிந்ததும் அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. மழை பெய்த காலையில் மகரந்தம் நனைந்து பயனற்றுப் போகும்; ஆகவே மறுநாள் மலரப்போகும் பூக்களுக்கு முந்தின மாலையே காகிதப் பை மாட்டிவையுங்கள். காய் பிடித்த பிறகும் அதே பை உதவும். பழ ஈ பிஞ்சைத் துளைத்து முட்டையிடாமல் தடுக்க மருந்தைவிட இதை நம்பலாம்.

வெயில் ஆறு மணி நேரமாவது நேராக விழ வேண்டும். நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால், கொடியைத் தரையில் ஓடவிடாமல் பந்தலில் ஏற்றுங்கள். தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. டெங்கிக் கொசுவுக்கு அது போதும்.

அப்புறம், இதைச் சொல்லாமல் விட மாட்டேன். பரங்கியோ சுரைக்காயோ சுக்கினியோ கசந்தால் துப்பிவிடுங்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள். சமைத்தாலும் போகாது. கடும் வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். ஜெர்மனியின் ஹைடன்ஹைமில் 2015இல் ஒரு முதியவர் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினியைச் சாப்பிட்டு இறந்தார். நம் வீடுகளில் பாகற்காய் சாப்பிட்டுப் பழகிய நாக்கு, "கொஞ்சம் கசப்புதானே" என்று வெல்லம் போட்டுச் சமாளிக்கப் பார்க்கும். பாகற்காய்க் கசப்பு வேறு, அது இயல்பு. பரங்கி கசக்கவே கூடாது. காயை நறுக்கியதும் ஒரு சிறு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள்.

பக்கத்தில் பாகற்கொடி இருந்தால் பரங்கியும் கசந்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் வேறு இனம், கலக்காது. ஆனால் ஒரே இனத்திலுள்ள அலங்காரக் காய் வகையின் மகரந்தம் விழுந்தால், இந்த வருடக் காய் நன்றாகவே இருக்கும். அதன் விதையில் முளைக்கும் கொடியில்தான் கசப்பு வரலாம். அதனால் சமூகத் தோட்டத்தில் கைமாறி வரும், மூலம் தெரியாத விதையை நான் நடுவதில்லை. நீங்களே விதை எடுப்பதானால், மலர்வதற்கு முந்தின மாலையில் ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவையுங்கள். காலையில் அவிழ்த்து மகரந்தம் தடவி, பெண் பூவை மறுபடி கட்டுங்கள். எந்தக் காய் என்று மறக்காமல் இருக்க, காம்பில் ஒரு துணித்துண்டையும் முடிந்துவிடுங்கள்.